தயாளனின் பெயரில்

அனுமதி மறுக்கப்பட்டது. செண்பகவல்லி அந்த வரியை மறுபடியும் படித்தாள். படிக்கப் படிக்க அது கீழே இறங்கிக்கொண்டே போனது, வரிக்கு வரி முன்னால் அதே பெயர், தயாளன், அனுமதி மறுக்கப்பட்டது, தயாளன், அனுமதி மறுக்கப்பட்டது, உள்ளே ஆள் இருக்கிறது என்று நம்பி யாரோ கதவை விடாமல் தட்டுகிற மாதிரி. அவளுக்கு விரல்கள் விறைத்திருந்தன. அம்பத்தூரில் அந்த ஜன்னல் இல்லாத கூடத்துக்குள் எப்போதும் மார்கழிதான். வெளியே சனிக்கிழமை வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருக்கும், இங்கே அவள் சுடிதாருக்கு மேல் புருஷனுடைய பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, ஆள் உயர சர்வர் அலமாரிகளுக்கு நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்திருந்தாள். காலையில் இந்தக் கூடத்து ஸ்டோரேஜ் படுத்துவிட்டது. ஒரு மருத்துவமனைக் குழுமம், பல ஊர்களில் கிளை, அத்தனை நோயாளிகளின் விவரமும் இங்கே இருக்கிற டிஸ்குகளில்தான், அதற்கு அச்சு அசல் நகல் ஒன்று ஹைதராபாத்தில். இது விழுந்தால் அது எழுந்துகொள்ள வேண்டும், சர்வர்களெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துகொள்ள வேண்டும், ஆஸ்பத்திரியில் யாருக்கும் எதுவும் தெரியக்கூடாது. அதுதான் ஏற்பாடு. இன்றைக்கு இது விழுந்தது, அது எழுந்துகொள்ளவில்லை. ஹைதராபாத் ஸ்டோரேஜைத் தட்டி எழுப்புகிற புரோகிராம் தயாளனுடைய கணக்கில் நுழைந்துதான் அந்த வேலையைச் செய்யும். அவசரத்துக்கு அப்படி எழுதியது, அப்புறம் மாத்திக்கலாம் என்று விட்டது. தயாளன் போன மாதம் இறந்துவிட்டார். இறந்தவரின் கணக்கை ஆபீஸில் மூடிவிட்டார்கள். அது முறைதான், யாரையும் குறை சொல்ல முடியாது, ஆனால் புரோகிராமுக்கு யாரும் போய்ச் சொல்லவில்லையே, அது பாட்டுக்கு அவர் பெயரைச் சொல்லிச் சொல்லித் தட்டுகிறது, அனுமதி மறுக்கப்பட்டது, தயாளன், அனுமதி மறுக்கப்பட்டது.

"செண்பகம், லைன்ல இருக்கீங்களா? ஏதாவது தெரிஞ்சுதா?" ஹெட்செட்டில் மேலாளர் சடகோபனின் குரல். "இருக்கேன் சார். தெரிஞ்சிடுச்சு. ஒரு நிமிஷம்" என்றாள். தெரிந்ததை எப்படிச் சொல்வது. தயாளன் என்ற பெயரை வாய்விட்டுச் சொல்லி எத்தனை நாளாயிற்று. செத்துப்போன செய்தி மெயிலில் வந்தது, வண்டி நிறுத்துமிடத்துக்குப் புது ஸ்டிக்கர் வாங்கிக்கொள்ளும்படி வந்த மெயிலுக்கு அடுத்ததாக, ஆழ்ந்த வருத்தத்துடன் என்று ஆரம்பித்து. மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். மெயிலில் படம் போட்டிருந்தார்கள். மீசை வைத்த, கொஞ்சம் பூசினாற்போன்ற முகம். அவளுக்கு அந்த முகத்தைத் தெரியாது. இத்தனை வருஷம் கூட வேலை பார்த்தும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை, காமிராவைப் போட்டால் லைன் இழுக்கும் என்று போடமாட்டார்கள், அவள் மனசுக்குள் ஒல்லியாக மீசை இல்லாமல் ஒருவரை வைத்திருந்தாள், செகந்திராபாத் தமிழ் பேசுகிற ஒருவரை, டீயை உறிஞ்சிவிட்டுத் தொண்டையைச் செருமுகிற ஒருவரை. இது யாரோ. குரல்தான் அவர். இது விழுந்தால் அது எழுந்துகொள்கிறதா என்று மாதாமாதம் ஒத்திகை நடக்கும்போதெல்லாம் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர், சேர்ந்து எண்ணுவார்கள், ஒண்ணு, ரெண்டு, மூணு, விடுங்க மேடம். பிறகு மேடம் போய் செண்பகம் ஆயிற்று. அவளுடைய பையன் பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்டதும், அவருடைய அப்பாவுக்குக் கண்புரை எடுத்ததும், டிஸ்குகள் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று ஒத்துப்போகக் காத்திருக்கிற நேரங்களில் பேசிக்கொண்ட பேச்சு. மெயில் வந்த அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். "யாரு, அந்த ஹைதராபாத்காரரா? அடப்பாவமே. என்ன வயசு?" என்றார் அவர். நல்ல மனுஷர், உண்மையாகத்தான் கேட்டார், கேட்டுவிட்டு மோட்டார் போடப் போனார். அவர் கேட்டதில் தப்பில்லை. யார் இறந்தது என்று கேட்டால் அவளால் என்ன சொல்ல முடியும்? சொந்தமா, சிநேகிதமா, பார்த்தாவது இருக்கிறாளா? துக்கத்துக்கு ஒரு முறை வேண்டும், அண்ணன், மாமா, எதிர் வீட்டுக்காரர் என்று. இது எதிலும் சேரவில்லை. மறுநாள் இந்தக் கூடத்துக்குள் வந்து, விசிறிகள் இரைகிற இந்த இரைச்சலுக்குள் நின்று, யாருக்கும் கேட்காமல் அழுதாள். அந்த மாத ஒத்திகையைத் தள்ளிப்போட்டதும் அவள்தான். ஆள் இல்ல சார், அடுத்த மாசம் பாத்துக்கலாம் என்றாள் சடகோபனிடம். ஆள் இருந்தது. ஹைதராபாத்தில் வேறு ஒருவரைப் போட்டிருந்தார்கள். அந்த வேறு ஒருவர் ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுவதைக் கேட்க அவளுக்குத்தான் தெம்பில்லை. எண்ணியிருந்தால் அன்றைக்கே இந்த வரி வந்திருக்கும், அனுமதி மறுக்கப்பட்டது என்று, மாற்றியிருப்பாள், இன்றைக்கு ஆஸ்பத்திரியில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும், ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடத்திலேயே மனசு மாட்டிக்கொண்டு நின்றது.

"மேடம், நான் திருச்சியிலிருந்து சிஸ்டர் ஸ்டெல்லா பேசறேன்" என்று ஒரு புதுக் குரல் லைனில் வந்தது. "ஐசியூல ஒரு அம்மாவுக்கு சர்க்கரை ஏறிக்கிட்டே இருக்கு. நைட் டியூட்டி சிஸ்டர் கடைசியா எவ்வளவு இன்சுலின் போட்டாங்கன்னு கம்ப்யூட்டர்லதான் இருக்கு. அவங்க போனும் எடுக்கல, பஸ்ல போய்க்கிட்டிருப்பாங்க. டாக்டர் மறுபடி போடலாமா வேண்டாமான்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறார். எப்ப வரும் மேடம்?" குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலை. சர்க்கரை ஏறுகிற அந்த அம்மாவுக்கு என்ன வயசிருக்கும், வெளியே பெஞ்சில் யார் உட்கார்ந்திருப்பார்கள், ஃபிளாஸ்க்கும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக. செண்பகவல்லி சடகோபனிடம் விஷயத்தைச் சொன்னாள். சடகோபன் கேட்டார்: "வேற யார் பேர்லயாவது மாத்த முடியாதா?" "முடியும் சார். ஆனா ஹைதராபாத் ஸ்டோரேஜ்ல அந்த உரிமை அவருக்கு மட்டும்தான் குடுத்திருக்கு. புதுசா ஒருத்தருக்கு வாங்கணும்னா சாயந்திரம் ஆயிடும்." "அப்ப?" "அவர் கணக்கைத் திறக்கணும் சார்." கணக்குகளைத் திறந்து மூடுகிற பொறுப்பில் இருந்த ஜோயலை சடகோபன் லைனுக்கு இழுத்தார். ஜோயல் சின்ன வயசு, விதிகளைச் சொன்னான், இறந்தவர் கணக்கைத் திறப்பதற்கு முன்மாதிரி இல்லை என்றான், சடகோபன் பொறுப்பைத் தான் ஏற்பதாகச் சொன்னார், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், அவரைத் திறக்கலாமா கூடாதா என்று மூன்று பேர் பேசிக்கொண்டிருந்தார்கள், அவர் இருந்திருந்தால் இதற்கு ஒரு சிரிப்புச் சிரித்திருப்பார்.

ஆனால் அதற்கு முன்னால் இந்தப் பக்கத்தை நிறுத்தியாக வேண்டும். அம்பத்தூர் ஸ்டோரேஜ் முழுசாகச் சாகவில்லை, சாவதும் பிழைப்பதுமாக விளக்குகள் மஞ்சளும் சிவப்புமாக மினுக்கிக்கொண்டிருந்தன. இதுவும் அரை உயிரோடு இருந்து அதுவும் எழுந்துகொண்டால் இரண்டும் நான்தான் அசல் என்று தனித்தனியாக எழுத ஆரம்பிக்கும், ஒரே நோயாளிக்கு இரண்டு கதை ஆகிவிடும், பிறகு எது நிஜம் என்று ஆண்டவனாலும் பிரித்துத் தர முடியாது. தயாளன் இதை அலுக்காமல் சொல்வார். உங்க பக்கத்தை முழுசா நிறுத்திட்டேன்னு சொல்லுங்க, அப்பதான் நான் கை வைப்பேன். எவ்வளவு சுலபமாகச் சொல்வார். நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் எழுந்துகொள்ளாவிட்டால்? இரண்டும் போய்விட்டால்? எத்தனையோ பேருடைய இரத்த வகை, ஒவ்வாமை, கடைசியாக விழுங்கிய மாத்திரை, எல்லாம் இந்த இரும்புப் பெட்டிக்குள், அவளுடைய முழங்காலுக்குப் பக்கத்தில். பெட்டியின் கதவைத் திறந்தாள். பின்பக்கத்துச் சூடு முகத்தில் அடித்தது. குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை வைத்துப் பார்த்தாள், எதற்கு என்று தெரியாமல். "நிறுத்தறேன் சார்" என்றாள். கட்டளையைக் கொடுத்தாள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கூடத்தின் இரைச்சலில் ஒரு பங்கு குறைந்தது, அது குறைந்த பிறகுதான் அத்தனை நேரம் அது இருந்தது தெரிந்தது. "எங்க பக்கம் முழுசா நின்னுடுச்சு" என்றாள், சடகோபனிடமா, யாரிடமோ. ஜோயல் சொன்னான்: "திறந்துட்டேன் மேடம்." திரையின் ஓரத்தில், ஆபீஸ் அரட்டைப் பெட்டியில், சாம்பலாகக் கிடந்த தயாளனின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வந்தது. இருக்கிறார் என்று அர்த்தம். பேசலாம் என்று அர்த்தம். அதைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். வாய்க்குள் எண்ணிக்கொண்டாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. விட்டாள்.

அனுமதி வழங்கப்பட்டது. ஒரே ஒரு முறை வந்தது அந்த வரி. அவர் பெயரில் கட்டளைகள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடின, தயாளன் நகலை அசலாக்கினார், தயாளன் பூட்டை எடுத்தார், தயாளன் சர்வர்களைக் கூப்பிட்டார், எல்லாவற்றிலும் இன்றைய தேதி. கொஞ்ச நேரத்தில் ஸ்டெல்லா லைனில் கத்தினாள், "வந்துடுச்சு மேடம்! வந்துடுச்சு! விடியக்காலையில போட்டிருக்காங்க, இனிமேதான் வேலை செய்யும், மறுபடி போடவேண்டியதில்ல, போட்டிருந்தா..." அந்த வாக்கியத்தை முடிக்காமல் யாரிடமோ ஓடினாள். சடகோபன் பெருமூச்சு விட்டார். வேறு யாரோ கைதட்டினார்கள். போட்டிருந்தால். போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று மனசு மறுபடி அந்தச் சந்துக்குள் நுழையப் பார்த்தது, அவள் அதை இழுத்துப் பிடித்து நிறுத்தி, வேலையைப் பார், இனிமேல் இந்தப் புரோகிராம் எந்த மனுஷர் பெயரிலும் ஓடக்கூடாது, அதற்கென்று பொதுக்கணக்கு ஒன்றைக் கேள், உரிமையை மாற்று, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கீபோர்டில் கை வைத்தபோது லேப்டாப் அதிர்ந்து மணியடித்தது. தயாளன் அழைக்கிறார் என்றது திரை. அறிவுக்குத் தெரியும், ஏதோ கோளாறு, கணக்கைத் திறந்ததில் ஏதோ ஒன்று. உடம்புக்குத் தெரியவில்லை. உடம்பு எழுந்து நின்றுவிட்டது. மீட்டிங் லைனில் தன் குரலை அடைத்துவிட்டு, லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கனத்த கதவைத் தோளால் தள்ளி வராந்தாவுக்கு வந்து, அழைப்பை எடுத்தாள்.

"ஹலோ" என்றது ஒரு பெண் குரல். "செண்பகம் மேடம்ங்களா? நான் ரேணுகா. தயாளன் வீட்ல." செண்பகவல்லி சுவரில் சாய்ந்துகொண்டாள். "அவரு போன் என்கிட்டதாங்க இருக்கு. லேப்டாப்பை ஆபீஸ்ல வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க, போன் அவரோட சொந்தப் போனு. அணைக்க மனசு வரலைங்க, தினம் சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். இப்ப திடீர்னு டிங் டிங்னு மெசேஜா வருது. பயந்துட்டேன்." செண்பகவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுடைய செய்தியும் அதில் போயிருக்கும். அவர் இறந்து இருபது நாள் கழித்து, ஒத்திகையைத் தள்ளிப்போட்ட அன்று, போய்ச் சேராது என்று தெரிந்துதான் தட்டினாள், 'தயாளன், ஒத்திகையைத் தள்ளி வச்சிட்டேன். வேற ஒருத்தர் எண்ணறதைக் கேக்க முடியல' என்று. போய்ச் சேராது என்ற தைரியத்தில். இப்போது சேர்ந்துவிட்டது. அவருடைய மனைவியின் கையில். என்ன நினைத்திருப்பாள் இந்தப் பெண், புருஷன் செத்த பிறகும் மெசேஜ் போடுகிறவள் யார் என்று. "அது வந்துங்க, ஆபீஸ்ல ஒரு அவசரம், அவர் கணக்கை ஒரு வேலைக்காகத் திறந்தோம். உங்க போன்ல வரும்னு யோசிக்கல. மன்னிச்சிடுங்க. நான் போட்டது..." "படிச்சேங்க" என்றாள் ரேணுகா. குரல் நிதானமாக இருந்தது. "என்ன எண்ணறதுன்னு புரியல. ஆனா பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் எல்லாரும் பஸ் டைம் பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. அதுக்கப்புறமும் யாரோ ஒருத்தருக்கு ஒரு வேலை ஓடலைன்னா, அது எனக்கு ஆறுதலாத்தாங்க இருந்துச்சு." வராந்தாவின் கோடியில் காவலர் ரேடியோவில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தார். "ஒண்ணு கேக்கலாங்களா" என்றாள் ரேணுகா. "இதுல உங்களுக்கு அவரு பேசிப் பேசி அனுப்பினதெல்லாம் இருக்கு. வண்டியில போகையில, டைப் பண்ண முடியாம அனுப்பினது. ஒண்ணு ரெண்டு போட்டுக் கேட்டேன், மிச்சமும் கேக்கட்டுங்களா? என்கிட்ட அவரு குரல் இல்லைங்க. ஒரே வீட்ல இருந்தோம். எனக்கு எதுக்கு அனுப்புவாரு?"

ஒரே வீட்டில் இருந்தோம். செண்பகவல்லி அதைத் திருப்பித் திருப்பி நினைத்தாள். இவளிடம் முகம் இருந்தது, நடை இருந்தது, சட்டையின் வாசனை இருந்தது, கொடியில் இருந்து எடுக்காமல் போன துணி இருந்தது, குரல் இல்லை. தன்னிடம் குரலைத் தவிர எதுவும் இல்லை. "கேளுங்க" என்றாள். "கேளுங்க, எல்லாம் ஸ்டோரேஜ் சமாசாரமாத்தான் இருக்கும்." "ஆமாங்க, டிஸ்கு, கேபிளுன்னு என்னமோ சொல்றாரு, ஒண்ணும் விளங்கல. விளங்காட்டிப் பரவால்ல." மறுமுனையில் ரேணுகா ஒன்றைப் போட்டாள். இரண்டு கருவிகளைத் தாண்டித் தேய்ந்து வந்தது அந்தக் குரல், வலது பக்கத்து கேபிளை மட்டும் மாத்துங்க செண்பகம், இடது பக்கத்தைத் தொடாதீங்க என்று. அதற்குள் திரையில் ஜோயலின் செய்தி வந்தது, மேடம், அந்தக் கணக்கை மூடட்டுமா, ரொம்ப நேரம் திறந்து வைக்கக்கூடாது என்று. இன்னும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று பதில் போட்டாள். பொய். சரிபார்க்க இருந்த எல்லாவற்றையும் ரேணுகா பேசப் பேசவே ஒரு கையால் முடித்திருந்தாள், திறந்திருந்த அவர் கணக்கிலிருந்தே உரிமை கொடுத்துப் புரோகிராமைப் பொதுக்கணக்குக்கு மாற்றியிருந்தாள், தயாளன் இல்லாமல் ஒருமுறை ஓட்டியும் பார்த்துவிட்டாள், ஓடியது, இனி அவர் பெயர் எதற்கும் தேவையில்லை. அது நல்லது. அதுதான் சரி. நெஞ்சில் மட்டும் ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. ஜோயல் மறுபடி கேட்டான். அடுத்து சடகோபனே கேட்டார். "ரேணுகா" என்றாள் செண்பகவல்லி, முதல்முறையாகப் பெயர் சொல்லி. "இதை இப்ப மூடணும். மூடினா உங்க போன்ல எதுவும் கேக்காது, இந்தக் காலும் கட்டாயிடும். உங்க நம்பரைச் சொல்லுங்க." ரேணுகா எண்ணைச் சொன்னாள். செண்பகவல்லி அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். "மூடிடுங்க ஜோயல்" என்று தட்டினாள். பச்சைப் புள்ளி இருந்த இடத்தில் சாம்பல். அழைப்பு துண்டிக்கப்பட்டது என்றது திரை.

வராந்தாக் கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டுக்கு வந்தாள். வெயில் முகத்தில் அறைந்தது, ஸ்வெட்டருக்குள் வியர்த்தது, கழற்றத் தோன்றவில்லை. தன் அரட்டைப் பெட்டியில் அவர் அனுப்பியது அனுப்பியபடியே இருந்தது, அனுப்பியவர் கணக்கு போனாலும் வாங்கியவரிடம் அது இருக்கும். ஆபீஸ் பேச்சை வெளியாளுக்குப் போட்டுக்காட்டக்கூடாது என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வெளியாள். யார் வெளியாள். உள்ளங்கையைப் பார்த்து எண்ணை அழுத்தினாள், முதல் மணியிலேயே எடுத்தாள் ரேணுகா. செல்போனை லேப்டாப்பின் ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகப் போட்டாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. தொழிற்பேட்டைக்குள் லாரிகள் போய்வந்துகொண்டிருந்தன, ஹாரன் அடிக்கும்போது பதிவை நிறுத்திவிட்டு மறுபடி அந்த இடத்திலிருந்து போட்டாள். பழைய டிஸ்கை எறிந்துவிடவேண்டாம் என்றார் தயாளன். ஹைதராபாத்தில் மழை கொட்டுகிறது, லைன் விட்டுவிட்டு வருகிறது என்றார். இன்னொன்றில் வண்டியிலிருந்து இல்லை, வீட்டிலிருந்து பேசினார், வார்த்தைகளுக்குப் பின்னால் உஸ்ஸென்று ஏதோ சத்தம், செண்பகம், அந்த மூணாவது கன்ட்ரோலரை நாளைக்குப் பாத்துக்கலாம், இப்பத் தொடவேண்டாம், சரியா, என்றார். பேசி முடித்ததும் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்திருக்கிறார். சத்தம் நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி, வேறு பக்கமாகத் திரும்பி, அவளிடம் ஒரு நாளும் பேசாத ஒரு குரலில், "ரேணு, குக்கரை அணைச்சிடும்மா, ஒண்ணும் கேக்கல" என்றார். பதிவு முடிந்தது. செண்பகவல்லி அடுத்ததைப் போடாமல் விரலைத் தூக்கிவைத்திருந்தாள்.

"அணைச்சிட்டேங்க" என்றாள் ரேணுகா.